அம்மாவைப் பார்க்க வந்த உத்தியோகத்தர்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தண்ணீர் குடிப்பதில்லை. சனிக்கிழமை பின்னேரத் தேத்தண்ணீரைப் பாதியில் நகர்த்தி வைத்தாரென்றால், திங்கட்கிழமை காலை அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் வந்து கதவைத் தட்டும் வரை உதட்டை நனைக்க மட்டுமே சம்மதிப்பார். சிறிய கோப்பையில் இரண்டு வாய்த் தண்ணீரை வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன். உதடு வெடித்திருக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும் சத்தம் எனக்குக் கேட்கும். ஆனாலும் தலையை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்.

காரணம் நான்தான். குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் யாராவது தூக்கி இருத்தி, துணியை விலக்கி, பிறகு கழுவிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணுக்கு விடுமுறை. வீட்டில் நான் ஒருவன்தான்.

"பெத்த பிள்ளைதான். ஆனா ஆம்பிளைப் பிள்ளையெல்லே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

பாரிசவாதம் அம்மாவின் வலது பக்கத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பிடித்து இருத்தினால் இருப்பார், நிற்க மாட்டார். பேச்சும் நினைவும் அப்படியே இருக்கின்றன. வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. நான் கல்யாணம் செய்யவில்லை. பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலையின் அலுவலகத்தில் வேலை. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, நடுவில் துளையும் அடியில் வாளியும் உள்ள கதிரையில் இருத்தி எழுப்புவது கொலன்னாவையிலிருந்து வரும் அந்தப் பெண். பிறந்தது ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில். அவளுடைய கையில் ஏதோ இருந்தது. அம்மாவை அவள் தூக்கும்போது பாரம் தூக்குவதாகவே தெரியாது, கட்டிப்பிடித்து எழுப்புவது போல இருக்கும்.

விலைவாசி ஏறியபின் என் சம்பளத்தில் அவளைத் தொடர்ந்து வைத்திருக்க முடியாமல் போனது. தாங்களாக இயங்க முடியாத முதியவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் உதவிப்பணம் கிடைத்தால், காலையிலிருந்து மத்தியானம் வரையாவது அவளை வைத்திருக்கலாம். கிடைக்காவிட்டால் நீர்கொழும்புப் பக்கத்தில் கன்னியாஸ்திரிமார் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு கட்டில் இருந்தது. மூன்று மாதத்துக்கு அதை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்த்தேன். பார்த்ததை அன்றிரவு நாட்குறிப்பில் எழுதினேன், அம்மாவுக்குச் சொல்லவில்லை. கூடமொன்றில் மொட்டை வெட்டிய தலைகளோடு வரிசையாகக் கிழவிகள். கதவில்லாத குளியலறை. இறப்பர்க் குழாயால் ஒருத்திக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மட்டும் பொத்திக்கொண்டு நின்றாள். வேறு எதையும் மறைக்க அவளிடம் கையில்லை.

ஆகவே விண்ணப்பித்தேன்.

இயலாதவர்களுக்கான பிரிவு பிரதேச செயலகக் கந்தோரின் மேல்மாடியில் இருந்தது. கீழே, சக்கர நாற்காலி ஏறுவதற்கென்று கட்டிய சாய்வின் மேல் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தியிருந்தார்கள். ஒரு கிழவரைப் பிளாஸ்டிக் கதிரையோடு சேர்த்து மகன்மார் இருவர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஏறி முடிந்ததும் இன்றைக்குக் கையெழுத்து வைப்பவர் வரவில்லை என்று திருப்பி இறக்கினார்கள். இறங்கும்போது கிழவருக்குச் சிறுநீர் போய்விட்டது. படிக்கட்டில் அது இறங்கிவருவதைப் பார்த்து எல்லாரும் கால்களை ஒதுக்கினோம். துடைக்க ஒருவரும் வரவில்லை. அடுத்த தடவை நான் போனபோது அந்த இடம் காய்ந்து, அதன் மேல் செருப்புத் தடங்கள் பதிந்திருந்தன. விண்ணப்பங்களை வாங்கும் கரும்பீடத்தில் இருந்த ஆள் ரோல்ஸ் தின்றுவிட்டு, எண்ணெய் விரலை யாரோ ஒருவருடைய வைத்தியச் சான்றிதழின் ஓரத்தில் துடைத்தான். நான் ஒழுங்கான ஆள். என் மேசையில் பேனை கோணலாகக் கிடந்தாலே பொறுக்க மாட்டேன். அந்த விரலை எத்தனையோ நாள் என்னால் மறக்க முடியவில்லை.

அம்மா பிறந்து வளர்ந்து என்னைப் பெற்றது கொட்டாஞ்சேனையில். அங்கே அவருடைய பெயரில் இப்படி ஒரு கொடுப்பனவு போகவில்லை என்று ஒரு கடிதம் வேண்டுமென்றார்கள். அதற்கும் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் பெயரை வாசித்துவிட்டு, "இவ இன்னும் இருக்கிறாவோ?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். "அப்ப அதுக்கும் ஒரு கடிதம் எடுங்க" என்றார்.

கடைசியில் வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பார்கள் என்று ஒரு நாள் குறித்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. அந்தப் பெண் விடியவே வந்து அம்மாவுக்குத் தலையில் வார்த்துக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கோயில் சீலையை உடுத்திவிட்டாள். அது வெளிர் நீலம். பெரிய வெள்ளிக்கும் நத்தாருக்கும் மட்டும் வெளியே வருவது. துளைக்கதிரையைப் பல்கனியில் வைத்து மேலே ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடினோம். நிலத்துக்கு டெட்டோல். அலுமாரிக்குள் இருந்த தங்க விளிம்புக் கோப்பைகள். நான் முதல் நாள் பின்னேரம் காலி வீதியில் பட்டர் கேக் வாங்கி வந்து அளவாக வெட்டி அடுக்கினேன். யோசித்துச் செய்த வேலைகள் அல்ல இவை. எங்கள் சனம் செத்தவீட்டுக்கே கதிரை துடைத்துப் போடுகிற சனம்.

வந்தவன் இளம் பெடியன், சிங்களவன். சப்பாத்தை வாசலில் கழற்றினான். அம்மா கொட்டாஞ்சேனைச் சிங்களத்தில், மகனைக் கூப்பிடுவது போலப் 'புத்தே' என்று கூப்பிட்டு அவனை வரவேற்றார். என் சிங்களம் அதற்குப் பக்கத்திலும் வராது.

"வாங்க புத்தே, இருங்க. எந்த ஊர்?"

"குருநாகல், அம்மே."

"அவ்வளவு தூரத்தில இருந்தோ? அம்மா அப்பா இருக்கினமோ? முதல்ல சாப்பிடுங்க. பிறகு எழுதலாம்."

அவன் சாப்பிட்டான். பிறகு தாளை மடியில் விரித்துக்கொண்டு, கேட்பதற்கே கூச்சப்பட்டவன் போலக் கேட்டான்.

"அம்மா நடப்பீங்களா?"

"மெல்ல மெல்ல."

"சாப்பாடு தானாகச் சாப்பிடுவீங்களா?"

"நான்தான் சாப்பிடுறன். எனக்காக வேற ஆர் சாப்பிடுறது?"

அவன் சிரித்தான். "பாத்ரூம் போக ஆள் உதவி வேணுமா?"

அம்மா சுவரில் இருந்த திருஇருதயப் படத்தைப் பார்த்தார். "அதெல்லாம் என்ட அலுவல். பிரச்சினையில்லை."

"இல்லை, அவவால ஏலாது" என்றேன் நான். "தூக்கி இருத்த வேணும். எல்லாத்துக்கும் ஆள் வேணும்."

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "இவனுக்கு எல்லாத்துக்கும் பயம், புத்தே. சின்னனில இருந்தே அப்பிடித்தான். இடி இடிச்சாக் கட்டிலுக்குக் கீழ போய்ப் படுக்கிற பிள்ளை."

பெடியன் இன்னொரு துண்டு கேக் எடுத்தான். படுக்கைப் புண் இருக்கிறதா என்று கேட்டபோது, கதவடியில் நின்ற அந்தப் பெண் துள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். அம்மாவின் சட்டையின் பின்பக்கத்தைச் சற்றே விலக்கிக் காட்டி, "ஒரு புண்ணு இருக்கா பாருங்க சேர்! ஒரு செவப்புக்கூட இருக்காது" என்றாள். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் முகம். அவன் பார்த்தான், எழுதினான், போகும்போது அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

காரணத்தைக் கந்தோரில் வேலை செய்யும் ஒரு பெண் தமிழில் வாசித்துக் காட்டினாள். தோற்றம் சுத்தம். உரையாடல் தெளிவு. படுக்கைப் புண் இல்லை. பிறர் உதவி அத்தியாவசியமில்லை. வாசித்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

"அம்மாவ நல்லா வச்சிருக்கிறீங்க, அதுதான் பிரச்சினை."

"நல்லா வச்சிருக்கிறதே அவவைப் பாக்க ஒரு ஆள் இருக்கிறதாலதான். அந்த ஆளை வச்சிருக்கத்தான் கேக்கிறன்."

"விளங்குது. ஆனா அதுக்கு இதில இடமில்லை." குரலைத் தாழ்த்தினாள். "மேன்முறையீடு குடுங்க. வேற ஆள் வருவாங்க. அண்டைக்குக் குளிக்க வார்க்காதீங்க. முதல் நாளும் வேண்டாம். பம்பர்ஸ் போட்டா மாத்தாதீங்க, அப்பிடியே விடுங்க. வாசல்ல நிக்கேக்கையே மணக்கோணும். அப்பதான் உள்ளுக்கு வந்து நிண்டு கேள்வி கேக்காம எழுதித் தந்திட்டுப் போவாங்க. எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறது."

உதவி செய்கிற குரல் அது. பக்கத்து வீட்டுக்காரி காய்ச்சலுக்குக் கைமருந்து சொல்வது போலச் சொன்னாள். எண்ணெய் விரல்காரனை வெறுப்பது இலகு. இவளை எந்த இடத்தில் வைத்து வெறுப்பதென்று தெரியவில்லை. எத்தனை வீடுகளில் எத்தனை கிழவிகள் இவளுடைய நல்ல புத்தியால் இரண்டு நாள் தங்கள் அழுக்கிலேயே கிடந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு காலி வீதி நெடுக நடந்தே வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸுக்குள் ஒரு மனித உடம்பின் பக்கத்தில் நிற்க அன்றைக்கு என்னால் முடியவில்லை.

குசினிக்குள் வைத்து, கேட்டதை அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் மெல்லச் சொன்னேன். செய்யச் சொல்லவில்லை. இப்படியும் சொல்கிறார்கள் என்றுதான் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள்.

"என்னங்கய்யா பேசுறீங்க? எங்கையால அம்மாவ அப்பிடிப் போட்டு வைக்கிறதா? நான் வேலைய விட்டாலும் விடுவேங்க, அது முடியாதுங்க. அந்த அம்மணி அவங்க அம்மாவ அப்பிடிப் போட்டு வைக்கட்டும்!"

"என்ன குசுகுசுக்கிறீங்கள் அங்க?" அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எனக்கு விழுந்தது கையும் காலும். காதில்லை."

போய்ச் சொன்னேன். அம்மாவிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. முழுவதையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தார்.

"அப்ப நான் நாறினால்தான் கவர்ண்மெண்டுக்கு என்னில இரக்கம் வரும்."

"ஓம்."

"கொட்டாஞ்சேனையில மீன்காரர் மீனைக் கழுவி விக்கிறவங்கள். இவங்கள் கழுவாத மீன்தான் கேக்கிறாங்கள்." சிரிப்பு நின்றது. "சிஸ்டர்மாரின்ட இடத்தில கட்டில் இன்னும் இருக்கோ?"

"இந்த மாதம் முடியும் வரைக்கும்."

"அங்க எப்பிடிக் குளிக்க வாக்கிறவை?"

"தெரியாதம்மா."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். "தெரியாதெண்டு சொல்லுறாய். அப்ப பாத்திருக்கிறாய்" என்றார்.

மேன்முறையீட்டுக்கு வந்தவர் ஒரு பெண். நடுத்தர வயது, கண்ணாடி, தோளில் பெரிய கைப்பை, மாடி ஏறிவந்த களைப்பிலும் கலையாத வாசனைத் தைலம். அம்மா வழக்கம் போலக் குளித்து, வீட்டில் போடும் கவுணோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். கோயில் சீலை வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். கேக்கும் வேண்டாமாம், தேத்தண்ணீர் மட்டும். ஒன்றை மட்டும் நான் கவனித்தேன், கவனித்தும் எனக்கு விளங்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் கூசா வெறுமையாக இருந்தது. காலையில் நான்தான் அதை நிரப்பி வைத்தேன்.

வந்தவர் அறையைச் சுற்றிப் பார்த்து, "இங்கே எல்லாம் நல்ல சுத்தமாக இருக்கிறதே" என்று சிங்களத்தில் சொன்னார். குற்றப்பத்திரிகை வாசிக்கும் தொனி. பைக்குள்ளிருந்து தாளை எடுத்தார். அறைக்குள் வந்ததிலிருந்து அம்மாவின் முகத்தை அவர் ஒருமுறையும் பார்க்கவில்லை.

"தானாக எழுந்து…"

"மிஸ்" என்றார் அம்மா. "அதைப் பிறகு எழுதுங்க. எனக்கு இப்ப போகோணும்."

"அப்படியென்றால் நான் வெளியில் இருக்கிறேன்."

"வேண்டாம். இருங்க. பாக்கத்தானே வந்தீங்கள்? இருந்து பாருங்க."

பிறகு தமிழில், என்னைப் பார்த்து: "நீ வெளியில போ. கதவைச் சாத்து."

நான் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். தெஹிவளைப் பக்கம் போகும் ரயில் ஒன்று கடற்கரையோரமாகப் போனது. அது போகும் வரை ஒன்றும் கேட்கவில்லை. அது போனபிறகு எல்லாம் கேட்டது. துளைக்கதிரையின் சில்லு உருளும் சத்தம். "பிடிச்சுக்கங்கம்மா, கழுத்தப் பிடிச்சுக்கங்க" என்று அம்மாவைத் தூக்கும் பெண்ணின் குரல். உயிருள்ள காலோடு உயிரில்லாத காலும் சேர்ந்து நிலத்தில் இழுபடும் சத்தம். அம்மாவிடமிருந்து ஒரு முனகல் வந்தது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்டிராத குரல். எனக்குக் கேட்கக் கூடாதென்று அதை இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்திருக்கிறார். அதன்பிறகு வாளியில் விழும் சத்தம். அது நெடுநேரம் நீடித்தது. அந்தக் கூசா எப்படி வெறுமையானது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"போதும் அம்மே, போதும். நான் எழுதிவிட்டேன்" என்ற குரல் கேட்டது.

"எனக்கு இன்னும் முடியேல்ல, மிஸ். கழுவுறதும் இருக்கு. அதையும் பாத்திட்டு எழுதுங்க."

வந்தவர் வெளியே வந்து நேரே குசினிக்குப் போய்க் கை கழுவினார். அவர் எதையும் தொட்டிருக்க வழியில்லை. சவர்க்காரத்தை இரண்டு தடவை போட்டுக் கழுவினார். தேத்தண்ணீரில் ஏடு படிந்துவிட்டது. அதை அவர் பார்க்கவுமில்லை. வாசலில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே, "இவ்வளவு கஷ்டமென்றால் மாத்தையா ஏன் முதலே சொல்லவில்லை?" என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். விண்ணப்பத்தில் சொன்னேன், கரும்பீடத்தில் சொன்னேன், அந்தப் பெடியனின் முகத்துக்கு நேரே சொன்னேன். வைத்தியர் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தித் தந்தார். இவர்களுக்கு எழுத்து வேண்டியிருக்கவில்லை. எழுபது வயது தாண்டிய ஒரு பெண் தன் அரைக்குக் கீழே ஒரு அந்நிய ஆளுக்குத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. அந்த ஆள் தன் நாகரிகத்தின்படி முகத்தைச் சுளித்து, கையைக் கழுவி, அனுமதிக்க வேண்டியிருந்தது. "லிப்ட் இப்ப வேலை செய்யுது, அதில இறங்குங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் போனபின் அந்தச் சவர்க்காரத்தை எடுத்துக் குப்பைக்குள் போட்டேன்.

அன்று முழுவதும் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அந்தப் பெண் தலையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

அனுமதிக் கடிதம் வந்தது. அந்தப் பெண் மத்தியானம் வரை வருகிறாள். கன்னியாஸ்திரிமாருக்குத் தொலைபேசியில் சொல்லி, கட்டிலை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னேன். உடனே கொடுத்திருப்பார்கள்; வரிசை இருந்தது. கடிதத்தின் அடியில் சிறிய எழுத்தில், நிலைமை மாறவில்லை என்பதை வருடாவருடம் நேரில் பார்த்து உறுதிசெய்வார்கள் என்று இருந்தது. அதை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

கடிதம் வந்த கிழமையின் ஞாயிற்றுக்கிழமை, கோயில் மணி கேட்டபின், வழக்கமான சின்னக் கோப்பையில் இரண்டு வாய்த் தண்ணீரோடு போனேன்.

"இதென்ன?" என்றார் அம்மா. "கிளாஸில கொண்டா."

கிளாஸில் கொண்டுபோனேன். தலையைத் தாங்கிப் பிடித்தேன். முழுவதையும் குடித்தார். இன்னொன்று கேட்டார். தண்ணீர் குடிக்க வையுங்கள் என்று வைத்தியர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், நானும் கெஞ்சியிருக்கிறேன். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நான் பார்த்தது மணிக்கூட்டை.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். போய் வாசலில் நின்றேன். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அழைத்தால் கொலன்னாவையிலிருந்து வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்று யோசித்தேன்.

"ஏன் நிக்கிறாய்? கதிரையை இழு."

"அம்மா…"

"ஆரோ எவளோ எல்லாம் பாத்தாச்சு. இனி உனக்கு மறைச்சு என்ன?"

அவருடைய குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாழ்நாள் முழுவதும் என்னிடமிருந்து காத்து வைத்திருந்த ஒன்றை அந்தக் கந்தோர் ஒரு காலையில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியதை என்னிடம் தருகிறார்.

கதிரையை இழுத்து வந்தேன். அந்தப் பெண் செய்வது போலவே அவருடைய இடது கையை எடுத்து என் கழுத்தைச் சுற்றிப் போட்டேன். அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலையல்ல அது. பிறகு திறந்தேன்.